ரூபன் போகாத கல்கத்தா மேட்ச்

1

அதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன் பரிமளம், மாமி எழும்பி நின்றே விட்டாள்! மடிசார் கட்டுகிற மனுஷி, மாடியில் நான் வெங்காயம் தாளித்தாலே கீழே மூக்கைப் பொத்துகிறவள், அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் சிமெந்துப் படியில் ஏறி நின்று கத்தினாள்.

"ரெஃப்ரீ! உமக்குக் கண்ணு பொட்டையா ஓய்? அந்தக் கொழந்தைய இடிச்சுத் தள்ளிண்டு போறானே, பாத்துண்டு நிக்கறீரே!"

குழந்தை என்றது எங்கள் ரூபனை. வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், இருபத்தொரு வயது. பின் வரிசையில் இருந்த பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். "மாமி, சூப்பர் மாமி! இன்னொரு தபா வுடு மாமி!" என்று விசிலடித்தார்கள். மாமி வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், என் காதுக்குள், "ஆத்துல யாருண்டயும் சொல்லிடாதீங்கோ" என்றாள். ஊரெல்லாம் கேட்ட பிறகு யாரிடம் ஒளிக்கிறது?

மாமி எங்கள் வீட்டுக்காரி. மயிலாப்பூரில் அவள் வீட்டு மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. நான், என் பேரன் ரூபன், அவன் தங்கச்சி சுதா. என் மகள் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறாள். அவளுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை, அதனால் பிள்ளைகளைக் கூப்பிடவும் முடியவில்லை. தோணியேறி வந்தபோது சுதாவுக்கு ஏழு வயது, இப்போது பத்தாம் வகுப்பு. எனக்குக் கையெழுத்து வைக்கக்கூடத் தெரியாதென்பது உனக்குத் தெரியும்தானே, இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் சொல்கிறபடி எழுதடி என்றால், "பத்திரிகையில வாற மாதிரி எழுதுறன் அம்மம்மா" என்று எல்லாவற்றையும் பள்ளிக்கூடத் தமிழாக்கி, நம்பரும் போடுகிறாள். ஒரு சண்டை மட்டும் பிடித்தேன். நான் "கதைத்தான்" என்று சொன்னதை இவள் "பேசினான்" என்று எழுதினாள். அப்படி எழுதினால் அவன் என்னை ஏசினான் என்றல்லவா பரிமளம் நினைப்பாள், மாற்றடி என்றேன். மாற்றிவிட்டாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கொழும்புக்குப் போகிற ஒருவர் கையோடு கொண்டு வருவார். உன் மருமகளைக் கொண்டு வாசிப்பித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

2

பந்தடி என்றால் எனக்கு முந்தி என்ன தெரியும்? கோயில் வீதியில் பெடியள் அடிக்கிற பந்து வேலியைத் தாண்டி என் கத்தரிப் பாத்திக்குள் விழும், நான் தடியோடு போவேன், அவ்வளவுதான். இங்கே வந்து இந்த வயதில் எனக்கு ஆஃப்சைடு தெரியும். சிரிக்காதே. ஏன் கொடி தூக்கினான் என்று மாமிக்கு விளக்கம் சொல்வதே நான்தான்.

ரூபன் விளையாடுகிறது தி. நகரில் பெரிய நகைக்கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவருடைய டீம். நாடு முழுவதற்குமான லீக் இது. கல்கத்தா, கோவாப் பக்கத்துப் பெரிய டீமெல்லாம் மேல் பிரிவில் விளையாடும். எங்களுடையது அதற்குக் கீழ் இரண்டாம் பிரிவு. அதில் முன்னுக்கு வருகிறவர்கள் அடுத்த வருஷம் மேலே போகலாம். டீவியில் காட்டவும் மாட்டார்கள், பேப்பரில் போட்டாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு ஓரம். ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் சோறு, அதுதான் நித்திரை.

ஏனென்றால் ரூபன் இங்கே வெளிநாட்டுக்காரன். கிழமைக்குக் கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போவதென்றால் அவர்களிடம் கேட்டுத்தான் போகலாம். டீமுக்கும் அவன் வெளிநாட்டுக்காரன்தான். ஒரு டீமில் வெளிநாட்டார் இத்தனை பேருக்கு மேல் ஆடக்கூடாதென்று சட்டம் இருக்கிறதாம். இரண்டாம் பிரிவு டீமுக்கு யார் வெளியிலிருந்து ஆள் கூட்டிவருகிறார்கள்? இவன் ஒருவன்தான். மற்றப் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் "ஃபாரின்".

"இன்னா ஃபாரின், உங்க ஊர்ல கோல் போஸ்ட்டு எந்தப் பக்கம் கீது?" என்பான் செல்வம். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டே பந்தடிக்கிறவன். ரூபனுக்குப் பதில் ஆள் மாற்ற வேண்டி வந்தால் இறங்குகிறவனும் அவன்தான்.

"எங்கட ஊரில போஸ்ட் எல்லாம் செல்லடிச்சு விழுத்திப்போட்டான். ரெண்டு செருப்புத்தான் போஸ்ட்" என்பான் ரூபன்.

"அதான் இவ்ளோ பெரிய போஸ்ட்டப் பாத்தா உனுக்கு மெரசலாவுது. வெளியவே அடிக்கிற."

இப்படித்தான் அவர்கள். ஒருநாள் மேட்சுக்குப் போகும் வழியில் ஏழெட்டுப் பேர் மாடிக்கு வந்துவிட்டார்கள். நான் புட்டும் சம்பலும் கொடுத்தேன். அன்றைக்கு வென்றார்கள். அதன் பிறகு சென்னையில் மேட்ச் என்றால் காலையில் புட்டு சாப்பிடாமல் ஒருத்தனும் பஸ் ஏறமாட்டான். அவர்களுடைய கோச் கடுமையான மனுஷன், பீடி வாசத்தோடு வந்து நின்று, "பாட்டி, இன்னிக்குத் தேங்கா தூக்கலாப் போடு. எதிர் டீம் பேக்கு ரெண்டு பேரும் எருமையாட்டம் கீறானுங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு தட்டை நீட்டுவார். மாமி முதலில் முறைத்தாள். பிறகு தேங்காய் துருவ வந்தாள். பிறகு ஸ்டேடியத்துக்கே வந்தாள்.

3

சந்தோஷமாகக் கதைக்கிறேனே என்று நினைக்காதே. அந்தச் சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறதென்றாலே எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மாமி வீட்டுப் போனுக்கு எடுப்பாள். "அம்மா, ஏஜென்டோட கதைச்சிட்டன். அவனை அனுப்புங்கோ. இன்னும் எத்தினை வருஷம் அங்க சும்மா இருத்தப் போறியள்?" என்பாள். களவு வழியில் பாரிசுக்கு அனுப்புகிறதென்றால் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம் பரிமளம். உன் மகன் நேசன் மாஸ்கோவிலிருந்து ஒரு போன் எடுத்தான். அதற்குப் பிறகு பனிக்குள் நடக்க விட்டார்களா, லாரிக்குள் அடைத்தார்களா, ஒரு தகவலும் இல்லை. நீ இன்னும் அவனுக்கு ஒரு தட்டுக் கழுவி வைக்கிறாய் என்று இங்கே வந்தவர்கள் சொன்னார்கள்.

ரூபன் தாய்க்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "இந்த சீசன் முடியட்டும் அம்மா. டீம் மேல போனா முதலாளி கடையில வேலை தாறன் எண்டவர். போலீசிலயும் எனக்காகக் கதைக்கிறாராம். அப்ப நான் இஞ்சயே இருப்பன். போகாட்டி, ஏஜென்ட் சொல்லுற நாளில வெளிக்கிடுறன்."

விளங்குகிறதா? டீம் மேலே போனால் பிள்ளை என்னோடு. போகாவிட்டால் நேசன் போன வழி. கபாலி கோயிலில் எல்லாரும் பிள்ளை வரம், கலியாண வரம் கேட்க, நான் ஒருத்தி நின்று கோல் கேட்டேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன் போல, பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கேட்டதற்கு மோசமில்லை. ரூபன் அடித்தான். தோற்க வேண்டிய இரண்டு மேட்சைச் சமன் செய்தான். பெங்களூரில் தலையால் முட்டி ஒன்று போட்டானாம். வெளியூர் மேட்சுக்கெல்லாம் கோச் போய் நின்று போலீஸில் பர்மிஷன் வாங்கிக் கொடுத்துவிடுவார். அங்கே இருந்த இன்ஸ்பெக்டருக்கு ரூபனைத் தெரியும், "என்ன தம்பி, எத்தனை கோல்?" என்று கேட்டுக்கொண்டே அனுப்பிவிடுவார். அப்படியே ஒரு மேட்ச் மிச்சம் என்கிற இடத்துக்கு வந்தாயிற்று. கல்கத்தாவில். வென்றால் மேலே. சமன் என்றாலும் போதாது.

4

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு மாற்றல். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. கல்கத்தா தூரமாயிற்றே, ஆள் உண்மையாகவே அந்த விலாசத்தில்தான் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாராம். அது நியாயம்தான். கோச் வந்து சொன்னார், "ஒரு கான்ஸ்டபிள் வந்து கேப்பாரு. ஆமா கீறான்னு சொன்னாப் போதும். அவ்ளோதான் மேட்டரு." நாங்களும் தலையாட்டினோம்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள். மத்தியானம். நான் அடுப்படியில். சுதா அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து உடுப்புக்கூட மாற்றவில்லை. ரூபன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருந்தான். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ரப்பர் செருப்புச் சத்தமில்லை, மாமியுடைய மெட்டிச் சத்தமில்லை. பூட்ஸ். பிறகு கதவில் கையால் இரண்டு தட்டு.

"ரூபன்கிறது யாரும்மா? இருக்காரா?"

இந்தச் சுதாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அந்த நாள் வரைக்கும் இவள் வாயில் நம்முடைய தமிழ் ஒரு சொல் வராது. சிநேகிதிகளுக்கு முன்னால் நான் "கெதியா வா பிள்ளை" என்றால், "மெதுவா பேசுங்க அம்மம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்பாள். எங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்து நின்றது, கிணறு எங்கே, ஒன்றும் ஞாபகமில்லை என்பாள். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது, இவள் இனி இந்த ஊர்ப் பெண் என்று நான் மனதை ஆற்றி வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை கதவை அரைவாசி திறந்து, காக்கி உடுப்பைக் கண்டு, தலையைக் குனிந்து சொன்னாள்:

"அண்ணா எண்டு ஒருத்தரும் இஞ்ச இல்லை ஐயா. நாங்கள் பொம்பிளையள் மட்டும்தான் இருக்கிறம்."

அவளுடைய அம்மா ஊரில் வாசலில் நின்று, தேடி வந்த ஆமிக்காரனுக்குச் சொல்வாளே, அதே குரல், அதே குனிவு. அப்போது இவள் தாயின் சேலைக்குப் பின்னால் நின்ற ஏழு வயதுக் குஞ்சு.

நான் என்ன செய்தேன் என்று கேள். ஓடிப்போய், பிள்ளை, அப்படியில்லை என்று சொன்னேனா? பின் ஜன்னலில் காய்ந்த ரூபனுடைய பூட்ஸை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து மூடினேன். ரூபன்? சத்தம் கேட்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டானாம். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் கதைக்கவில்லை. மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் கல்கத்தாவும் இல்லை, மேட்சும் இல்லை.

கான்ஸ்டபிள் நல்ல மனுஷன்தான். "அப்படியா, சரிம்மா" என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாமி மூச்சு வாங்க ஏறி வந்தாள். "போலீஸ்காரர் வந்துட்டுப் போறாரே, பர்மிஷன் ஆயிடுத்தா? கொழந்தை நாளைக்குக் கெளம்பறானோல்லியோ?"

சுதா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இதை எழுதும்போதும் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது பிள்ளை, எழுது. நீ செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

5

அன்றைக்குப் பின்னேரமே நானும் ரூபனும் கோச்சும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். சுதாவும் அழுது அழுது கூட வந்தாள்.

புது இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார், ரூபனைப் பார்த்தார். "இந்த அட்ரஸ்ல அப்படி ஆளே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இந்தப் பொண்ணே சொல்லியிருக்கு. இப்ப ஆளு எதிர்ல நிக்கிறான். நான் எதை நம்பறது?"

"ஐயா, அது பழக்கத்தில சொன்னது" என்றேன்.

"பொய் சொல்றது பழக்கமா?"

"இல்லை ஐயா. எங்கட ஊரில உடுப்புப் போட்டவை வந்து பொடியனைக் கேட்டா, இல்லை எண்டுதான் சொல்லுறது. இருக்கிறான் எண்டு சொன்ன வீட்டில பிறகு பொடியன் இருக்கமாட்டான்."

அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். சுதாவைப் பார்த்து, "உக்காரும்மா, அழாதே" என்றார். ஒரு பையனைக் கூப்பிட்டு எங்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். "எனக்குப் புரியுது. ஆனா ரிப்போர்ட் மேல போயிடுச்சு. ஆள் காணோம்னு போன ரிப்போர்ட்டை நானே திருத்த முடியாது. இனிமே பெரிய ஆபீஸ்லதான் சரி பண்ணணும். நான் ஒரு வார்த்தை எழுதித் தரேன்."

அடுத்த நாள் காலையில் பெரிய ஆபீஸ். பெஞ்சில் இருத்தினார்கள். பார்க்க வேண்டியவர் மீட்டிங். பிறகு சாப்பாடு. பிறகு திரும்பவும் மீட்டிங். கோச் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே, "இன்னா சார், கல்கத்தா மெயில் கெளம்பிடும் சார், ஒரு சைன் சார்" என்று கெஞ்சினார். ஒருமுறை கோபம் வந்து, "இந்தப் பையன் இல்லன்னா நா யாரை வுடுவேன்? என் மச்சானையா?" என்று கத்தி, உடனே கும்பிட்டு மன்னிப்பும் கேட்டார். ஆபீஸ் மூடுகிற நேரத்தில் ஒருவர் வெளியே வந்து, "விசாரிச்சுத்தான் செய்ய முடியும். திங்கக்கிழமை வாங்க" என்றார்.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை.

"நான் அப்பிடியே களவா ரயிலேறிப் போகட்டே?" என்று கேட்டான் ரூபன். பிடிபட்டால் முகாமில் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று கோச்சே கையைப் பிடித்து நிறுத்தினார். வீட்டுக்கு வந்து பூட்ஸை எடுத்தான், சென்ட்ரலுக்குப் போனான், செல்வத்திடம் கொடுத்தான். செல்வத்துடையது அடி பிளந்திருந்ததாம். "இன்னாடா உள்ள அரிசி கீது?" என்று செல்வம் தட்டிக் கொட்டினானாம். ரூபன் சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். சொல்லிவிட்டு மேலே மொட்டை மாடிக்குப் போனவன் சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் மாமி வீட்டுக் கூடத்தில் போனைச் சுற்றி இருந்தோம். மாமி சுவாமி விளக்கை அணையவிடவில்லை. சுதா காதைப் பொத்திக்கொண்டு மூலையில். நான் மனதுக்குள் செல்வத்தோடு கதைத்தேன். நீ கேலி பண்ணினால் பண்ணிக்கொள் ராசா, ஒன்றை மட்டும் உள்ளே அடித்துவிடு என்றேன்.

போன் அடித்தது. மாமி எடுத்து என்னிடம் தந்தாள். கோச்தான்.

"பாட்டி! கெலிச்சிட்டோம் பாட்டி! ஒண்ணுக்கு சைபர்! செல்வம் போட்டான்! மேல போய்ட்டோம்!"

நான் போனை மாமியின் மடியில் போட்டுவிட்டுக் கை தட்டினேன். அறுபத்தெட்டு வயதில் குதித்தேன் என்றால் நம்பு. மாமி, "அடுத்த வருஷம் டீவியிலயே வருவானே கொழந்தை!" என்று கேசரி கிண்ட ஓடினாள். ரூபன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். சுதா மூலையிலிருந்து எழும்பி வந்து அண்ணனுடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி மகள் எடுத்தபோது, "அவன் வரமாட்டான் பிள்ளை, டீம் மேல போட்டுது" என்று பெருமையாகச் சொன்னேன். பாரிசில் அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, போன் இரைந்தது.

அந்த ஒரு கிழமை முழுக்க நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவளுக்கெல்லாம் சொன்னேன்.

7

கோச் வந்தார். புட்டு வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"மொதலாளி மூணு ஆப்பிரிக்காக்காரனுங்கள புக் பண்ணிட்டாரு பாட்டி. மேல் டிவிஷன்ல எல்லா டீமும் அப்டித்தான் வெச்சிக்கினு ஆடறானுங்க. ஃபாரின் ஆளு அவ்ளோ பேர்தான். ரூல்."

"அதுக்கு?"

"ரூபனும் ஃபாரின்தானே."

"இவன் எங்க பாரின்? உன்னோட தமிழ்தானே கதைக்கிறான்? என்ர புட்டைத்தானே எல்லாரும் திண்டீங்கள்?"

"எனக்குத் தெரியாதா பாட்டி? பேப்பர்ல ஃபாரின். டீம்ல இருந்தாத்தான் கடைல வேல, போலீஸ்ல பேசறது, எல்லாம். நா சண்ட போட்டுப் பாத்துட்டேன்." எழும்பிச் செருப்பை மாட்டினார். பிறகு தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "தோத்திருந்தா இதே பசங்கள வெச்சிக்கினு இன்னொரு வருஷம் கீழயே ஆடியிருப்போம். இவனும் ஆடியிருப்பான்."

பரிமளம், நான் எந்தக் கோயிலை விட்டேன்? எந்தச் சாமியிடம் கேட்காமல் விட்டேன்? கேட்டதை அப்படியே, ஒரு கோல் கூடவுமில்லை குறையவுமில்லை, எண்ணித் தந்துவிட்டார்கள்.

ரூபன் கோபப்படவில்லை. படி வரைக்கும் போய்க் கோச்சை வழியனுப்பினான். "செல்வத்தை இடது காலாலயும் அடிச்சுப் பழகச் சொல்லுங்கோ மாஸ்டர்" என்றான். பிறகு கீழே போய் மாமியிடம் கேட்டு, பாரிசுக்குத் தானே போன் போட்டான்.

சுதா அன்றையிலிருந்து என்னோடு நம்முடைய தமிழில்தான் கதைக்கிறாள். நான் கேட்கவில்லை. தானாக வந்தது. எத்தனை வருஷம் ஏங்கினேன் அதற்கு! இப்போது காதில் விழுகிறபோதெல்லாம் அந்தக் கதவு தட்டுகிற சத்தமும் சேர்ந்து கேட்கிறது.

8

ஏஜென்ட் நேற்றுத் தேனாம்பேட்டையில் ஒரு லாட்ஜுக்கு ரூபனைக் கூப்பிட்டுக் கதைத்தானாம். வேறு யாரோ ஒரு பெடியனுடைய பாஸ்போர்ட். முகம் கிட்டத்தட்ட இவனைப் போலத்தான், ஆனால் அந்தப் பெடியனுக்கு மீசை இல்லையாம், தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கிறதாம். நாளைக்கு அதே மாதிரி வரச் சொல்லியிருக்கிறான். எந்தப் பாதை என்று கேட்டேன். "நல்ல பாதை எண்டுதான் சொல்லுறாங்கள் அம்மம்மா" என்றான். நேசனுக்கும் அப்படித்தானே சொன்னார்கள்?

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவையும் எழுதுவிக்கிறேன். வேறு யாரிடம் நான் இதைக் கேட்பேன்? நேசன் வெளிக்கிட்ட அன்றைக்கு நீ அவனுக்கு முன்னால் அழுதாயா, அடக்கிக்கொண்டாயா? கையைப் பிடித்துப் போகாதே என்று ஒரு தடவையாவது சொன்னாயா? சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாயா, இல்லை, நல்ல முகத்தோடு அனுப்பியது நல்லது என்று நினைக்கிறாயா? உன் பதில் வருவதற்குள் இவன் போயிருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனாலும்—

கூப்பிடுகிறான். "அம்மம்மா, இந்தக் கண்ணாடியை ஒருக்கா வந்து பிடியுங்கோ." குளிக்கிற அறையில் வெளிச்சம் காணாது, கைக்கண்ணாடியை யாராவது ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால்தான் மீசை வழிக்கலாம். இவளைப் போகச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். சரி, நீ பேனாவை வை பிள்ளை. நான் போய்ப் பிடிக்கிறேன், அவன் கன்னத்தை வெட்டிக்கொள்ளப் போகிறான்.